நான் வேண்டாம் என்று சொன்ன சங்கம்

பாப்பா,

புதன்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணினபோது நான் பேசியது தப்பு. நலமா, சாப்பிட்டாயா என்று நாலு வரி எழுதிவிட்டு மெதுவாக இதற்கு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். அதனால் தப்பை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது அது எங்கே ஆரம்பித்தது, பிறகு நான் என்ன செய்தேன் என்கிற விவரம். இதை வாட்ஸப்பில் அனுப்பினால் நீ பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. எங்கள் கேன்டீனில் இந்த விஷயத்தை எடுத்தபோது, “எங்க பையனுக்கும் இந்த மாதிரி மெயில் வந்துச்சு, ஏமாத்து வேலைடானு சொல்லிட்டேன்” என்று ஒரே மேஜையில் இரண்டு பேர் சொன்னார்கள். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்காக. என் மகள் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். நான் ஓசூரில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். வீடு சூளகிரியில். அன்றைக்கு லைன் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு லாட் முழுக்க நிறுத்தி வைத்திருந்தேன், சூப்பர்வைசர் என் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

“அப்பா, ஒரு மெயில் வந்திருக்குப்பா. ஹானர் சொசைட்டினு. கிளாஸ்ல மார்க்குல மேல இருக்கறவங்கள மட்டும் சேத்துக்குவாங்களாம்.”

“சேந்து?”

“சேந்துனா… மெம்பர்ப்பா.”

“மெம்பராயி என்னா பண்ணுவ?”

“சர்டிபிகேட் தருவாங்க. பின் ஒண்ணு குத்தி விடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“காசு கேக்கறாங்களா?”

“ஒரே ஒரு தடவ கட்டணும்ப்பா.”

“முடிஞ்சுது போ. காசு வாங்கிட்டு சர்டிபிகேட் குடுத்தா அதுக்குப் பேரு சொசைட்டி இல்ல, கடை. நீ நல்லா படிக்கறது உனக்கே தெரியாதா? எவனோ மெயில் போட்டுச் சொன்னாத்தான் தெரியுமா? வேலயப் பாரு பாப்பா.”

நீ “சரிப்பா” என்றாய். நான் போனை வெட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. லாட்டைப் பிரித்து நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் போட்டு அனுப்பிவிட்டு, உன் விஷயத்தையும் அதே கையோடு முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் இருப்பவள். நாள் முழுக்கக் காம்பு நீளம் பார்த்துப் பூவைத் தரம் பிரிக்கிற வேலை. அவள் என் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பி, சாயங்காலம் டீ குடிக்கும்போது இதைப் பெருமையாகவே சொன்னேன். அவளும் முதலில் என் பக்கம்தான் பேசினாள். “பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டினா பூ பெருசாயிடுமா என்ன?” என்றாள். நான் தொடையைத் தட்டினேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆனா ஸ்டிக்கர் இல்லாத பெட்டிய பெங்களூர்ல வண்டிய விட்டு எறக்கவே மாட்டாங்க. அது தெரியுமா உங்களுக்கு?” என்றாள். அதோடு விடவில்லை.

“பாப்பா அங்க யார்கூட உக்காந்து சாப்பிடுதுனு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

“மெஸ்ல எல்லாரோடவும்தான்.”

“எல்லாரோடவும் இல்ல. தட்டத் தூக்கிக்கிட்டு ரூமுக்குப் போயிடுதாம். ரெண்டு வருஷமா. அதுங்க எல்லாம் ஒரே ஸ்கூல்ல இருந்து வந்த கும்பல், சினிமா, மாலுனு அதுங்களுக்குள்ளயே பேசிக்குதுங்களாம். இந்த மெயில் வந்தன்னைக்கு எனக்கு போன் பண்ணி என்னா சொல்லுச்சு தெரியுமா? ‘அம்மா, இந்த ஊர்ல மொத மொதல்ல என்ன ஒரு இடத்துக்கு வானு கூப்பிட்டிருக்காங்க’ன்னுச்சு. நீங்க என்னாடான்னா கடைங்கறீங்க.”

இதை நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் சந்தேகம். “சேந்து?” என்று நான் ஆரம்பித்த வேகத்தில் யாருக்கும் வாய் வராது. உன்னிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி, மூன்றும் சப்ளையரிடம் கேட்கிற கேள்வி. பொருள் என்ன, பயன் என்ன, விலை என்ன. வாங்க வந்தவளுக்கு அது எதற்கு வேண்டும் என்று கேட்கவே இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்டிபிகேட் என்றாலே எனக்கு ஏன் உடம்பு எரிகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் டிவிக்கு மேலே தட்டில் ஒரு கேடயம் இருக்கிறதே, நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது வந்தது, உன் தோழிகளிடம் எல்லாம் “எங்கப்பா கண்டுபிடிச்சதுக்குக் குடுத்தது” என்று காட்டினாயே, அது நான் கண்டுபிடித்ததற்குக் கொடுத்தது அல்ல. அப்போது லீக் டெஸ்ட் மிஷினில் ஒரு தொல்லை இருந்தது. அலுமினியப் பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் கீறல் விழும், பாகம் வீணாகும். நாங்கள் மாதக்கணக்காக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கீறல் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் மிஷினை ஓட்டுகிற முனிராஜண்ணன் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, பிடிக்கும் இடத்துக்கு அடியில் ஒட்டியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. “சொன்னா கழட்டச் சொல்வீங்க சார்” என்றார்.

அந்த வருஷம் குவாலிட்டி சர்க்கிள் போட்டி. சர்க்கிள் என்பது ஆறு பேர் கூடி ஒரு பிரச்சினையைத் தீர்த்து, எப்படித் தீர்த்தோம் என்று மேடையில் சொல்கிற குழு. கோயம்புத்தூரில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றார்கள். முனிராஜண்ணன் அஞ்செட்டிக்காரர், வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், இங்கிலீஷில் மிஷின் பொத்தான்களின் பெயர் மட்டும் தெரியும். “பேசத் தெரிஞ்சவங்கள போடுப்பா” என்றார் மேனேஜர். பட்டியலை டைப் செய்தது நான். அவர் பெயர் ஆறாவதாக இருந்தது. அதை அழித்துவிட்டு என் பேட்ச்காரன் ஒருவன் பெயரைப் போட்டதும் நான். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். போட்டி விதிப்படி ஏழு படிகள் காட்ட வேண்டும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். சைக்கிள் ட்யூப் ஒரே நாளில் வந்துவிட்டதே, கூட்டத்துக்கு எங்கே போவது? நடக்காத பதினோரு கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதினோம். எல்லாம் ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று நீலப் பேனா, கறுப்புப் பேனா, மை மங்கின பேனா என்று மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் ஊரில் ஆடிட் என்று வந்தால் இதெல்லாம் ஒரு கலை. கேடயம் வந்தது. கைதட்டினார்கள். மேடையில் நான் “நாங்கள் சிந்தித்தோம்” என்று ஆங்கிலத்தில் மூன்று முறை சொன்னேன்.

நீ அந்தக் கேடயத்தைத் தோழிகளுக்குக் காட்டியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் எல்லாம் என்னுடையதைப் போலத்தான் இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை உன்மேல் எரிந்து விழுந்தது அதுதான்.

வியாழக்கிழமை காலை டீ இடைவேளையில் முனிராஜண்ணனிடம் போனேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். தினமும் பார்க்கிற ஆள். இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை. நிறுத்தி நிதானமாக ஆரம்பிக்க எனக்கு வராது, நேராகக் கேட்டேன்.

“அண்ணா, அந்தக் கேடயம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. உங்க பேர லிஸ்ட்ல இருந்து எடுத்தது நான்தான்.”

“தெரியும் சார்.”

“எப்பிடித் தெரியும்?”

“நீதான சார் டைப் அடிப்ப. வேற எவனுக்கு அங்க தமிழே ஒழுங்கா டைப் அடிக்க வரும்?”

“கோவமில்லயா உங்களுக்கு?”

“கப் தகொண்டு ஏனு மாட்லி?” என்று கன்னடத்தில் சிரித்தார். கப்பை வாங்கி நான் என்ன செய்ய என்று அர்த்தம், உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பிறகு டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “ஊட்ல வெக்க ஷோகேஸ் இல்ல சார். இருக்கற அலமாரில எம்பொண்டாட்டி பாத்திரம் அடுக்கியிருக்கா” என்றார்.

“அப்ப ஒண்ணுமே தோணலயா?”

“தோணாம என்னா? நாலு மணிக்கு அந்த ஏசி ரூம்ல உக்காந்து நீங்க எல்லாம் ஒத்திகை பாப்பீங்க இல்ல? நான் மிஷின்கிட்ட நின்னுக்கிட்டு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். போர்டுல என் மிஷின் படம் போட்டிருக்கும். அது சம்பந்தமா என்னமோ பேசறாங்கனு தெரியும். எவனாவது வந்து, ‘யோவ் முனிராஜு, உள்ள வாய்யா, இத எப்பிடிச் செஞ்ச, சொல்லு’ம்பான்னு பாத்தேன். வரல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சமோசா வேற உள்ள போச்சு” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மணி அடித்தது, வேலைக்குப் போய்விட்டோம். எனக்கு அன்றைக்கு எந்த அளவும் சரியாக வரவில்லை. கேடயம், சர்டிபிகேட், பின் என்று நான் எரிந்துகொண்டிருந்த எதையும் அந்த மனிதர் கேட்கவே இல்லை. உள்ளே ஒரு நாற்காலி கேட்டார். நீயும் அம்மாவிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறாய்.

சரி, உணர்ச்சிவசப்பட்டு உடனே “சேர்ந்துடு பாப்பா” என்று போன் பண்ணியிருந்தால் அதுவும் அவசரம்தான். ஒரு அவசரத்தை இன்னொரு அவசரத்தால் சரிபண்ண முடியாது, அந்த அளவுக்கு வேலையில் கற்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விசாரித்தேன். உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பொறுப்பாக ஒரு பேராசிரியை பெயர் இருந்தது, உன் துறையே. போன வருஷம் என்ன செய்தார்கள் என்று தேடினேன், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த படங்கள் இருந்தன. இவ்வளவும் பார்க்க எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஆயிற்று. புதன்கிழமையே பார்த்திருக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்த மாதிரி மெயில் எல்லாமே இப்படி இருப்பதில்லை. உங்கள் கல்லூரியில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை, பொறுப்பாக ஓர் ஆசிரியரும் இல்லை, வருஷம் முழுக்க அவர்கள் செய்கிற ஒரே வேலை காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் அனுப்புவது என்றால், அப்போது உங்கள் அப்பா சொல்வது சரி, அது கடைதான். உங்கள் மதிப்பெண்ணைப் பாராட்டி நாலு வரி எழுத ஒரு மிஷின் போதும்.

வெள்ளிக்கிழமை எங்கள் பெர்சனல் டிபார்ட்மென்டில் ரகுவைப் பிடித்தேன். புதிதாகப் படித்து வருகிற பிள்ளைகளின் விண்ணப்பங்களை முதலில் பார்த்துத் தள்ளுகிறவன் அவன்தான். என்னைவிடச் சின்னவன், என்னைவிட அவசரக்காரன்.

“ஹானர் சொசைட்டி மெம்பர்னு போட்டிருந்தா என்னா பண்ணுவ?”

“படிக்க மாட்டேண்ணா.”

“ஒண்ணுமே பிரயோஜனம் இல்லயா?”

“மார்க் நல்லா இருக்குனுதான அர்த்தம்? மார்க்குதான் மேலயே இருக்கே. ரெண்டு தடவ எதுக்குப் படிக்கணும்?” என்றவன், பிறகு எழுந்து நின்று கைப்பையை மாட்டிக்கொண்டே, “இன்டர்வியூல கேப்பேன். அதுல என்னம்மா செஞ்சேனு. பத்துல எட்டுப் பேரு ‘மெம்பரா இருந்தேன் சார்’னு சொல்லும். ரெண்டு பேரு ஒரு கதை சொல்லும். யாருக்கோ என்னமோ சொல்லிக்குடுத்தேன், அவன் பாஸாயிட்டான், இன்னொருத்தன் ஃபெயிலாயிட்டான், ஏன்னா இப்பிடினு. அந்த ரெண்டு பேர விட மாட்டேன்” என்றான்.

ஆக இதுதான் என் முடிவு, கேள். வேலை கிடைப்பதற்காகச் சேர்கிறாய் என்றால் அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பில்லை. வெளிநாட்டுக்கு மேல்படிப்பு போனால் கொஞ்சம் உதவும் என்கிறார்கள், அது எனக்குத் தெரியாது, தெரியாததைப் பேச மாட்டேன். நீ கெட்டிக்காரி என்று யாரோ சொல்ல வேண்டும் என்பதற்காகச் சேர்கிறாய் என்றால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கும். ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்து, உன்னைப்போலவே ராத்திரி பகலாகப் படிக்கிற நாலு பேரோடு சண்டை போட்டு, கண்டதை எல்லாம் பேசி, யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து, திரும்பி வரும்போது தனியாக வராமல் இருக்கலாம் என்றால், சேர். அதற்கு நான் கேட்ட அந்த மூன்று கேள்வியிலும் இடமே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும். உள்ளே போன பிறகு, மார்க் கொஞ்சம் குறைந்ததால் வெளியே நிற்கிற ஒரு பிள்ளை கண்ணில் படும். என்னைப்போல் அந்தப் பெயரை அழிக்காதே. சங்கத்தில் சேர்க்க உன்னால் முடியாது, விதி இருக்கும். பக்கத்தில் உட்காரச் சொல்ல விதி தேவையில்லை.

இதை வெள்ளிக்கிழமை சாயங்காலமே போனில் சொல்லியிருக்க வேண்டும், கெடு அன்றைக்குத்தான். இரண்டு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டால், “வகுப்புல இருக்கும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. சனிக்கிழமை பாதி ஷிப்டில் பர்மிஷன் போட்டுவிட்டு அப்படியே யூனிபாரத்தோடு பஸ் ஏறினேன். அந்தப் பேராசிரியையைப் பார்த்து, என் அவசரத்தால் பிள்ளை கெடுவைத் தவறவிட்டுவிட்டது, தப்பு அப்பனுடையது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதாகத் திட்டம். அத்திப்பள்ளி டிராபிக்கில் நின்ற நேரத்தில் அதை ஆங்கிலத்தில் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆமாம், ஒத்திகைதான்.

வாசலில் செக்யூரிட்டி, “யாரைப் பாக்கணும்?” என்றார். என் பொண்ணு படிக்குது என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பொண்ணா, தங்கச்சியா?” என்றார். இருபத்திரண்டு வயதில் அப்பனானவனுக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை இது. அதை அனுபவித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

உங்கள் துறை வராந்தாவில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் அந்தச் சங்கத்தின் புது உறுப்பினர் பட்டியல் ஒட்டியிருந்தது. சும்மா பார்த்தேன். பதினேழாவது பெயர் உன்னுடையது. என் இன்ஷியலோடு. பக்கத்தில் சேர்ந்த தேதி போட்டிருந்தார்கள். புதன்கிழமை.

புதன்கிழமை, பாப்பா. நான் “வேலயப் பாரு” என்று சொல்லி போனை வெட்டிய அன்றைக்கே, “சரிப்பா” என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஒரு பையன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். பத்தொன்பது வருஷத்தில் நீ என் பேச்சைக் கேட்காமல் செய்த முதல் காரியம் எனக்குத் தெரிந்து இதுதான். நான் உனக்குச் செய்த பெரிய உபகாரம் அதைச் செய்யும்போது பக்கத்தில் இல்லாமல் போனது.

பட்டியலுக்குக் கீழே இன்னொரு தாள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்கு உதவி, சனிக்கிழமை இரண்டு மணி, மாடியில் கடைசி அறை. மாடிக்கு வந்தேன். கதவில் கண்ணாடிப் பலகை இருந்தது. உள்ளே பன்னிரண்டு பதிமூன்று பேர். நீ போர்டுக்கு முன்னால் நிற்கவில்லை. நடுவில் ஒரு மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாய், ஒரு நாளும் வீட்டில் நான் அனுமதிக்காத மாதிரி. ஒருவன் நீ சொன்னதை மறுத்து என்னவோ சொல்ல, நீ அவன் நோட்டைப் பிடுங்கி, “ஏய், ஒந்து நிமிஷ இரோ, ஹேள்தீனி” என்றாய். ஒரு நிமிஷம் இருடா, சொல்கிறேன் என்று. அப்படி ஒரு அதட்டலை நான் உன் வாயிலிருந்து கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். உன் பக்கத்தில் இருந்த பெண் தன் டிபன் டப்பாவைத் திறந்து உன் பக்கம் நகர்த்தினாள். நீ அவளைப் பார்க்காமலே கையை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாய்.

கதவைத் தட்டக் கை போயிற்று. பிறகு நினைத்தேன், இப்போது நான் உள்ளே வந்தால் நீ மேஜையை விட்டுக் குதித்து இறங்குவாய், “எங்கப்பா” என்று சொல்வாய், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அந்தக் கணக்கு அப்படியே நின்றுவிடும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்! டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்று உன் அம்மா சொல்வாளே. உள்ளே இருந்து உன் குரல் வந்துகொண்டிருந்தது, அது போதுமாக இருந்தது. மூன்று மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். பேராசிரியையைப் பார்க்கவில்லை, பார்த்துக் கேட்க என்னிடம் எதுவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

இனிமேல் நான் எதற்காவது வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று ஒரு தடவை கேள். பதில் ஒழுங்காக வந்தால் யோசித்துப் பார். வராவிட்டால் புதன்கிழமை செய்ததையே செய். இதை எழுத்தில் தருகிறேன், பின்னால் நான் மாறினால் காட்டலாம். முனிராஜண்ணனைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். ரிட்டையர்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று நாளைக்கே மேனேஜரிடம் போகிறேன். புதிதாக வரும் டிரெயினிகளுக்கு அந்த ஏசி அறையில் வகுப்பு எடுக்க அவரைக் கூப்பிடச் சொல்லப் போகிறேன், தமிழிலோ கன்னடத்திலோ, அவர் இஷ்டம். மேனேஜர் முடியாது என்றால் நானும் ஏன் என்று கேட்பேன்.

அந்தப் பலகையில் இன்னொரு வரியும் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை உறுப்பினர் சேர்க்கை விழா, ஒவ்வொருவரும் இரண்டு பேரை அழைத்து வரலாம், பெயர்களை முன்கூட்டியே ஆபீசில் கொடுக்க வேண்டும். ஒரு பெயர் அம்மாதான், அதில் சந்தேகமில்லை, அவள் இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டாவது உன் இஷ்டம். அந்த டிபன் டப்பாக்காரப் பெண்ணின் அம்மாவாக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அன்றைக்கு நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டுவிட்டேன் என்பதை மட்டும் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். போனை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறேன், லைன் ஓடும்போதும்.

அப்பா